மருந்து படாத இரண்டு வரிசைகள்

இலையைக் கிள்ளாமல், காம்பை இரண்டு விரலால் பிடித்து மெல்லத் திருப்புகிறாள் லிபியா. மூச்சுக்காற்று பட்டால்கூட அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளை ஈக்கள் பறந்துவிடும். வெயில் ஏறிவிட்டால் எண்ணவே முடியாது. அதனால் சனிக்கிழமைதோறும் கிருஷ்ணகிரியிலிருந்து முதல் பஸ்ஸில் ராயக்கோட்டைக்கு வந்து, ஏழு மணிக்குள் தக்காளித் தோட்டத்தில் குந்திவிடுகிறாள். உதடு அசையாமல் எண்ணுவாள். நடுவில் யார் கூப்பிட்டாலும் பதில் வராது.

பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு. திங்கட்கிழமை பெங்களூரில் நேர்முகத் தேர்வு. தேறினால் நேராக முனைவர் பட்ட ஆராய்ச்சியில் சேரலாம். அங்கே காட்ட அவளிடம் இருப்பது, வேப்பெண்ணெய்க்கு வெள்ளை ஈ குறைகிறதா என்று பார்க்கும் இந்தப் பன்னிரண்டு வார ஆய்வு ஒன்றுதான். போச்சம்பள்ளியில் கம்பெனி வேலை பார்க்கும் அண்ணன் மேக்ஸ்வெல், "ஈ எண்ணியே டாக்டராவப் போறா எங்க வூட்டுப் பொண்ணு" என்று ஊரெல்லாம் சொல்கிறான். கேலியா பெருமையா என்று அவனுக்கே தெரியாது.

தோட்டம் நாராயணப்பனுடையது. ஆறு வரிசைகளுக்கு வேப்பெண்ணெய்க் கரைசல். ரோட்டோரம் இரண்டு வரிசைகளுக்கு எதுவும் இல்லை; ஒப்பிட்டுப் பார்க்க அவை அப்படியே இருக்க வேண்டும். "இதுக்கு மட்டும் மருந்து வேணாங்கண்ணா" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். அவரும் தலையாட்டியிருந்தார்.

கடைசிச் சனிக்கிழமை அவளோடு படிக்கும் நானும் உடன் போயிருந்தேன். போன வாரம் ரோட்டோர வரிசைகளில் இலைக்கு நாற்பது ஈ. அன்று மூன்று. மறுபடி எண்ணினாள். மூன்றுதான்.

நாராயணப்பன் வரப்பில் சிரித்தபடி வந்தார்.

"பாத்தியா பாப்பா, எப்பிடித் தேறிடுச்சு! சந்தைக்குப் போறவனெல்லாம் 'ஏம்பா, பயிர இப்பிடிச் சாவ உட்டுட்டியே'ங்கறான். மானம் போவுது. நீ வேற பரிச்சைக்குப் போறியேன்னு புதங்கெழம ரெண்டு டேங்க் அடிச்சு உட்டேன்."

லிபியா எழவில்லை. இன்னொரு இலையைத் திருப்பினாள்.

"ஏம்மா, தப்பாயிடுச்சா?"

"போன வார நம்பரையே போட்டுடுடி, யாருக்குத் தெரியும்?" என்று அவள் காதருகே சொன்னேன். அவள் நாராயணப்பன் பக்கம் திரும்பினாள்.

"என்ன மருந்துங்கண்ணா? பாட்டில் கெடக்குதா?"

அவர் கொண்டுவந்த காலிப் பாட்டிலைத் துடைத்து, மருந்தின் பெயரையும் அளவையும் நாளையும் நோட்டில் எழுதினாள். எண்ணிக்கைக்கான கட்டத்தில் மூன்று என்று போட்டாள். பிழைக்கான காரணம் எழுதும் இடத்தில் பேனா சற்று நின்றது. நாராயணப்பனின் பெயரை எழுதவில்லை. 'ஏன் அடிக்கக் கூடாது என்பதை விவசாயியிடம் நான் விளக்கவில்லை' என்று எழுதி, கீழே கையெழுத்திட்டாள்.