மஞ்சள் தோடு

பால் கறக்க உட்காருவதற்கு முன் சித்தி மாடுகளின் காதைத்தான் முதலில் துடைப்பாள். மடியைக் கழுவுவது அதற்கப்புறம். ஒவ்வொரு மாட்டின் காதிலும் எண் பொறித்த மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை ஒன்று தொங்கும். கால்நடைத் துறை மாட்டியது. சித்திக்கு அது தோடு. முந்தானை நுனியை வாளித் தண்ணீரில் நனைத்து, எண் பளிச்சென்று தெரியும்வரை தேய்ப்பாள். "திரும்புடி. தோட்டுல சாணி அப்பியிருக்கு. பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

பார்க்கிறவர்கள் என்றால் அரசாங்கம்.

கொரோனா ஊரடங்கில் டீக்கடைகளும் ஹோட்டல்களும் மூடிக் கிடந்தபோது சித்தியின் பாலை வாங்க ஆளில்லை. கேன் கேனாகச் சாக்கடையில் ஊற்றினாள். தீவனமும் தீர்ந்தது. மாடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று சித்தப்பா தரகரைக் கூப்பிட்டிருந்த நேரத்தில்தான் மாடு வளர்ப்பவர்களுக்கு நிவாரணம் அறிவித்தார்கள். குடும்பத்தில் காலேஜ் வரை போனவள் நான் ஒருத்திதான். அதனால் என் போனில் விண்ணப்பித்தோம்.

"பயனாளி பேரு?" என்றேன்.

"கிழவி" என்றாள் சித்தி, யோசிக்காமல். கிழவி அவளுடைய மூத்த மாடு.

"உன் பேரக் கேக்குது சித்தி."

"எனக்கு எதுக்குடி குடுக்கப் போறாங்க? மாட்டுக்குத்தானே குடுக்கறாங்க."

அடுத்தபடியாகத் தோட்டு எண்ணைக் கேட்டதும் அவளுக்கு அது உறுதியாகிவிட்டது.

பணம் வந்தது. மாடுகள் தங்கின. அந்தப் பணத்தில் தீவனம் வாங்கினாள், கொட்டகைக்குக் கூரை மாற்றினாள், மின்விசிறிகூட மாட்டினாள். சமையலறையில் மழை இன்றும் அடுப்பின்மேல் சொட்டுகிறது. "அடுத்த ஜென்மத்துலயாவது இவ வீட்டுல மாடாப் பொறக்கணும்" என்பது சித்தப்பாவின் அன்றாடப் புலம்பல். "இப்ப மட்டும் என்னவாம்? தின்னுட்டு அசை போடறதுதானே வேலை" என்பாள் சித்தி.

உரிமையாக வருவதற்கு நன்றி எதற்கு என்று நான் கல்லூரி மேடையில் பேசிக் கைதட்டு வாங்கியவள். என் படிப்புக்கு வந்த உதவித்தொகையையும் அந்த எண்ணத்தில்தான் வாங்கினேன். சித்தி தோடு துடைப்பதைப் பார்க்கும்போது அந்தப் பேச்சு தப்பென்று தோன்றுவதில்லை. ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று மட்டும் தோன்றும்.

போன வாரம் தரகர் மறுபடி வந்தார். கிழவிக்குப் பால் வற்றி நாளாகிறது. தீனி மட்டும் குறையவில்லை. அவர் சொன்ன விலைக்குச் சமையலறைமேல் புதுத் தகடே போட்டுவிடலாம். சித்தப்பா தலையாட்ட, தரகர் தன் கயிற்றைக் கிழவியின் கழுத்தில் மாட்டினார். சித்தி அதை அவிழ்த்துச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்தாள்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. இவ தோட்டப் பாத்துத்தான் எங்களுக்குப் பணம் போட்டாங்க. அத வாங்கித் தின்னுட்டு இவள வண்டியேத்தினா நல்லாவா இருக்கும்?"

தரகர் போனதும் சித்தப்பா கொட்டகைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். "எனக்கும் காதுல ஒரு தோடு மாட்டி விட்டுடு. வயசானா என்னயும் விக்காம வெச்சிருப்பே."

சித்தி கிழவியின் காதைத் துடைத்து முடித்தாள். பிறகு இரண்டடி நகர்ந்து, அதே ஈர முந்தானையால் சித்தப்பாவின் காதில் ஒட்டியிருந்த வைக்கோல் தூசியைத் துடைத்துவிட்டாள்.