கை நனைக்காத வீடு

பிடித்த பிடியில் நிற்பவர்களுக்கு எங்கள் ஊரில் இரண்டு வகைச் சொற்கள் உண்டு. ஆண் நின்றால் வைராக்கியம், ரோஷம், சொன்ன சொல் மாறாத குணம். பெண் நின்றால் அடம், வீம்பு, அழுத்தம். இதை நான் எந்த அகராதியிலும் படிக்கவில்லை. அப்பாவையும் அம்மாவையும் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எல்லாம் மாமா மகன் கல்யாணத்தில் ஆரம்பித்தது. மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். ராயப்பன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார்; வெட்டு நாளில் அப்பாவும் போய் நிற்பார். முதல் பந்தியில் அப்பா உட்கார்ந்திருந்தபோது, சம்பந்தி வீட்டாருக்கு இடம் போதவில்லை என்று யாரோ ஒருவர், "மாப்ளே, நீங்க நம்ம ஆளுதான, அடுத்த பந்தியில உக்காருங்க" என்று சொல்லிவிட்டார். அப்பா இலையை மூடிவிட்டு எழுந்தார்.

"இனி இந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன். நான் மட்டுமில்ல, என் பொண்டாட்டி பிள்ளையும்தான்."

எங்கள் பக்கம் கை நனைப்பதில்லை என்றால் சாப்பாடு மட்டுமல்ல, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடையாது. போகலாம், வரலாம், பேசலாம், அவ்வளவுதான். அம்மா அப்போது அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. அப்படியே எங்களோடு பஸ் ஏறினாள்.

ஊரே அப்பாவை மெச்சியது. "ரோசக்கார மனுசன்யா" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அவரும் அந்தப் பேச்சைப் புதுச்சட்டை மாதிரி போட்டுக்கொண்டு திரிந்தார். ரோஷம் அவருக்கு, தாகம் அம்மாவுக்கு.

நல்லது கெட்டதுக்கு அம்மா பிறந்த வீட்டுக்குப் போவாள், நானும் கூடப் போவேன். அத்தை செம்பை நீட்டினால், "இப்பத்தான் குடிச்சேன் மதினி" என்பாள். சித்திரை வெயிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். திரும்பும்போது உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிய பிறகுதான் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுப்பாள். அந்த வீட்டில் யாரும் அம்மாவிடம் ஏன் என்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இந்த மாதிரி விஷயத்தை வாய்விட்டுப் பேசினால் விரிசல் பெரிதாகிவிடும் என்று எல்லோருக்கும் ஒரு பயம்.

போன வருஷம் மாமா படுத்த படுக்கையானார். நாங்கள் பார்க்கப் போனபோது அவரால் சரியாகப் பேசவே முடியவில்லை. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வாய் சாப்பிட்டுப் போத்தா" என்றார்.

"இப்பத்தாண்ணே சாப்பிட்டு வந்தோம்."

மாமா கையை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா பஸ்ஸில் முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டே வந்தாள். ஒரு வாய் சோறுதானே, சாப்பிட்டால் என்ன என்றேன். "உங்கப்பா சொல்லிட்டாகள்ல" என்றாள். அடுத்த வாரம் மாமா போய்விட்டார்.

கருமாதிக்குப் போனோம். முதல் பந்தியில் அப்பா உட்கார்ந்தார். இலை போட்டார்கள். சோற்றைப் பிசைந்து, சாம்பார் கேட்டு வாங்கி, ரசத்துக்கு வந்து, பாயசத்தையும் இலையில் வழித்துச் சாப்பிட்டார். சாம்பார் வாளியோடு அம்மா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். நான்தான் வாளியை வாங்கிக் கீழே வைத்தேன்.

"அவுக ஏன் இங்க சாப்பிடுறாக?" என்று அம்மா அத்தையிடம் கேட்டாள்.

அத்தைக்குக் கேள்வியே புரியவில்லை. "என்னத்தா இப்பிடிக் கேக்குற? திராட்சை வெட்டுக்கு வாரப்ப எல்லாம் உன் வீட்டுக்காரக இங்கனதான சாப்பிடுவாக. அந்தக் கோவமெல்லாம் எப்பவோ விட்டாச்சுன்னு சொன்னாக. உனக்குத்தான் மனசு ஆறல."

"எனக்கா?"

"உங்க அண்ணன் கேட்டாரு, ஏன் மாப்ளே தங்கச்சி ஒரு வாய்த் தண்ணிகூடக் குடிக்க மாட்டேங்குதுன்னு. அவ பிடிவாதக்காரி, நான் சொன்னாலும் கேக்க மாட்டான்னு சொல்லிட்டாக. கடைசிவரைக்கும் அதையே சொல்லிச் சொல்லி அழுதாரு மனுசன்."

அப்பா கை கழுவிவிட்டு வந்தார். அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். "அட, அதெல்லாம் பழைய கதை. அதை ஏன் இன்னும் பிடிச்சுக்கிட்டுத் தொங்குற?" என்றார். வெட்கமோ பதற்றமோ எதுவும் இல்லை. எனக்கு அந்த ஈரக் கையைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. அவர் போட்ட சட்டத்தை அவரே சத்தமில்லாமல் எடுத்துவிட்டார், அதை அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. சொல்லியிருந்தால் டீக்கடைப் பேர் போயிருக்கும்.

அத்தை இலையோடு வந்தாள். "இப்பவாச்சும் உக்காருத்தா."

"அண்ணன் கேட்டே சாப்பிடல. இனி யாருக்காகச் சாப்பிட?" என்றாள் அம்மா.

உத்தமபாளையத்தில் இறங்கியதும் அம்மா எப்போதும் போலப் பாட்டிலை எடுத்தாள். பாயசம் தின்ற அப்பாவுக்கு விக்கல் எடுத்தது. கையை நீட்டினார். அம்மா அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பிறகு காலிப் பாட்டிலை அவர் கையில் கொடுத்தாள்.

பெஞ்சில் பக்கத்தில் இருந்தவரிடம் அப்பா பாட்டிலைக் காட்டினார். "பாத்தீகளா, எம்புட்டு அழுத்தம்னு?"

அந்த ஆள் ஆமாம் என்று தலையாட்டினார்.