கிரேக்கத்து அம்மனுக்குக் கண் திறந்த கதை

என் அத்தையின் வழக்கு கெட்டுப்போனதற்கு நான் ஒட்டிய குன்றிமணிதான் காரணம் என்று பத்துப் பன்னிரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்த வயதுக்கு அது நல்ல திடமான காரணம்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. குமராட்சிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் வீட்டில் சண்டை முற்றி, கட்டிய புடவையோடு செம்மண்டலத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்று வயதுப் பையனை அவர்கள் அனுப்பவில்லை. பார்க்கப் போனாலும் கதவு திறக்காது. இப்படியே இரண்டு வருடம் ஓடியது. பிள்ளையைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சிதம்பரம் கோர்ட்டில் கேஸ் போட்டிருந்தாள். துணிக்கடைக்குப் போனால் ஒரு சின்னச் சட்டையை எடுத்து என் இடுப்பருகே வைத்து, "இப்ப இந்த ஒசரம் இருப்பான்ல?" என்று கேட்பாள். அப்படி வாங்கிய நாலைந்து சட்டைகள் விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் அவள் பெட்டியில் கிடந்தன.

சனிக்கிழமைகளில் வக்கீலைப் பார்க்கப் போகும்போது என்னைத் துணைக்கு அனுப்புவார்கள். நான் என்ன பெரிய துணை? ஜன்னலோர சீட்டைப் பிடித்துக்கொண்டு சிதம்பரம் வரைக்கும் கேள்வி கேட்கிற துணை.

வக்கீல் ஒரு இளம்பெண். மேலவீதியை ஒட்டிய சந்தில், மாடியில் ஆபீஸ். முதல்நாள் போனபோதே மேசைமேல் இருந்த சிலைதான் என் கண்ணில் பட்டது. ஒரு முழ உயரம், தங்கக் கலர் அடித்த பொம்பளைச் சாமி. ஒரு கையில் வாள், ஒரு கையில் தராசு, கண்ணில் துணிக்கட்டு. செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று அத்தையும் போட்டுக்கொண்டாள்.

கண் கட்டிய சாமி எனக்குப் புதிதில்லை. அந்த வருடம்தான் எங்கள் தெருக் கோயிலில் கும்பாபிஷேகம் நடந்தது. புதிதாக வந்த அம்மன் சிலைக்குக் கண்ணைத் துணியால் கட்டி வைத்திருந்தார்கள். சிற்பி வந்து கண் திறக்கிறவரைக்கும் அது வெறும் கல்லு, என்ன வேண்டினாலும் அதற்குக் கேட்காது என்று அம்மா சொல்லியிருந்தாள். அதனால் வக்கீலிடம் நேராகவே கேட்டேன்.

"இதுக்கு எப்ப மேடம் கண்ணு தொறப்பாங்க?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இது தொறக்கிற கண்ணு இல்ல பாப்பா. இது கிரேக்கத்துச் சாமி, தெமிஸ்னு பேரு. நியாயம் சொல்றப்ப இவன் பணக்காரன், இவன் ஏழைன்னு மொகத்தப் பாக்கக் கூடாதுல்ல? அதுக்குத்தான் இந்தக் கட்டு."

அத்தை குறுக்கே புகுந்தாள். "மொகத்தையே பாக்கலன்னா, எம் புள்ள யாரு ஜாடைன்னு அதுக்கு எப்படி மேடம் தெரியும்?" என்றாள். வக்கீல் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேஸ் கட்டைப் புரட்ட ஆரம்பித்தார்.

எனக்கோ வேறு கவலை. இவ்வளவு பெரிய நடராஜர் கோயில் இருக்கிற ஊரில், எங்கேயோ கிடக்கும் கிரேக்கத்துச் சாமிக்கு என்ன வேலை? யார் கூட்டிக்கொண்டு வந்தார்கள்? கேட்டேன். "அவ மட்டுமா வந்திருக்கா?" என்றார் வக்கீல். "உன் ஸ்கூல் பையில அட்லஸ் வச்சிருக்கியே, மேப் புக்கு, அது வானத்தையே தோள்ல சொமந்த ஒருத்தன் பேரு. டாக்டர் கார்ல கோலச் சுத்தி பாம்பு இருக்கும் பாத்திருக்கியா? அது அவுங்க ஊரு வைத்தியச் சாமியோட கோலு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காய்ச்சலுக்கு ஊசி போடப் போகும்போதெல்லாம் அந்தப் பாம்பை நாகாத்தம்மன் என்று நினைத்துக் கும்பிட்டு வந்திருக்கிறேன்! திரும்பும் பஸ்ஸில் வழியெல்லாம் கிளினிக் போர்டுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். முன் சீட்டின் முதுகில் எவனோ கீறியிருந்த, அம்பு பாய்ந்த இதயம்கூட அந்த ஊர்ச் சமாச்சாரம்தான் என்பது பின்னாளில் தெரிந்தது. நம் மன்மதனுக்கு ஒன்றுவிட்ட தம்பிபோல அங்கேயும் ஒருவன் அம்பும் வில்லுமாகத் திரிந்திருக்கிறான். ஆக, யாரும் அழைக்காமலே ஒரு கூட்டம் வந்து நம் பையிலும் பஸ்ஸிலும் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. இதில் அத்தைக்கு வேண்டிய ஒருத்திக்கு மட்டும் கண்ணைக் கட்டியிருக்கிறார்களே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. வக்கீல் என்ன சொன்னாலும், படித்தவர்களுக்குச் சாமி விஷயம் அவ்வளவாகத் தெரியாது என்பது என் அபிப்பிராயம்.

என் பென்சில் டப்பாவில் இரண்டு குன்றிமணிகள் இருந்தன. சதுர்த்திக்கு வாங்கிய களிமண் பிள்ளையாரைக் கெடிலம் ஆற்றில் கரைக்கக் கொண்டுபோனபோது, யாருக்கும் தெரியாமல் அவர் கண்ணிலிருந்து தோண்டி எடுத்தவை. பிள்ளையார் கண்ணில்லாமலே தண்ணீருக்குள் போனார். அவருக்கென்ன, அம்மாவும் அப்பாவும் பக்கத்திலேயே இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள்.

வாய்தாவுக்கு முந்தின சனிக்கிழமை, அத்தையும் வக்கீலும் ஏதோ ஜெராக்ஸ் எடுக்கக் கீழே இறங்கினார்கள். டிபன் டப்பாவிலிருந்து தயிர்சாதப் பருக்கையை எடுத்து நசுக்கி, துணிக்கட்டின் மேலேயே இரண்டு குன்றிமணியையும் ஒட்டினேன். கறுப்புப் புள்ளி வைத்த சிவப்புக் கண்கள். அம்மன் முழித்துப் பார்த்தாள். எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது. "மூக்கப் பாத்துக்க, அப்படியே அத்த மூக்கு" என்று அவள் காதில் சொல்லிவிட்டு, யார் கண்ணிலும் படாமல் இருக்கச் சிலையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். கிரேக்கர்கள் அவளுக்குக் கண்ணைக் கட்டவே இல்லையாம், பல நூறு வருடம் கழித்து ஐரோப்பாவில் யாரோ கட்டிவிட்டதாம். பெரியவளான பிறகு இதைப் படித்தபோது ரொம்ப ஆறுதலாக இருந்தது.

வாய்தா அன்று மழை லீவு. என்னையும் கூட்டிப்போனாள் அத்தை. கோர்ட்டுக்குப் போகுமுன் ஆபீஸில் கேஸ் கட்டை எடுக்க ஏறினோம். நான் ஓடிப்போய்ச் சிலையைப் பார்த்தேன். பருக்கை காய்ந்து, ஒரு கண் உதிர்ந்து தராசுத் தட்டில் கிடந்தது. மறுபடி ஒட்ட நேரமில்லை. "வா பாப்பா, நேரமாச்சு" என்று அத்தை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கோர்ட் வராந்தாவில் பையன் தன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். நன்றாக வளர்ந்திருந்தான். அத்தை வாங்கி வைத்த ஒரு சட்டையும் அவனுக்குச் சேராது என்று பார்த்ததுமே தெரிந்தது. ஜட்ஜ் அவனை மட்டும் தன் அறைக்குள் கூப்பிட்டுப் பேசினார். பாதி திறந்திருந்த கதவோரம் அத்தை நின்றாள். நான் எதிர்ப்பக்கம் ஹாலுக்குள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே அந்த அம்மன் இருக்கிறாளா, இருந்தால் அவளுக்காவது இரண்டு கண்ணும் சரியாக இருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். அங்கே அவள் இல்லை. திரும்பிப் பார்த்தபோது பையன் வெளியே வந்து, நேராக அப்பாவிடம் ஓடிக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலத்துக்குள் முடிவு வந்துவிட்டது. பையன் அப்பாவிடமே இருப்பான், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அத்தை பார்க்கலாம்.

பஸ்ஸில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குன்றிமணி, தயிர்சாதம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஒரு கண் மட்டும் திறந்ததால்தானே பாதி மட்டும் கிடைத்தது? அத்தை முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"ஆமாடி. ஒரு கண்ணு வுழுந்துடுச்சி, அதான். வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அதையே சொன்னாள். விசாரித்த அக்கம்பக்கத்தாரிடமும் அதையே சொன்னாள். எனக்கு அவமானத்தில் உயிரே போயிற்று. இவ்வளவு பிரியமான அத்தை, என்னை இப்படி ஊர் முழுக்கக் காட்டிக்கொடுக்கிறாளே என்று ராத்திரியெல்லாம் அழுதிருக்கிறேன்.

நான் காலேஜ் முடித்த வருடம், வேறு ஏதோ பேச்சின் நடுவே அம்மாதான் சொன்னாள். அந்த அறைக்குள் ஜட்ஜ், "அம்மாகூடப் போறியாப்பா?" என்று கேட்டாராம். பையன் கதவுப் பக்கம் திரும்பி, அங்கே நின்றிருந்தவளைப் பார்த்துவிட்டு, "இவுங்க யாரு?" என்று கேட்டிருக்கிறான். அத்தைக்கு அது நன்றாகவே கேட்டிருக்கிறது. எதிர்ப்பக்கம் அம்மனைத் தேடிக்கொண்டிருந்த எனக்குத்தான் கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தை வெளியே தெரியாமல் இருக்க, யார்மேலாவது பழியைப் போட வேண்டியிருந்தது அவளுக்கு.

அவனுக்கு இதெல்லாம் நினைவில்லை. வளர்ந்து காலேஜ் சேர்ந்ததும் அவனே செம்மண்டலத்துக்கு வந்து போக ஆரம்பித்தான். அத்தையை வாய் நிறைய அம்மா என்பான். போன ஞாயிறு சாப்பிடும்போது என்னைப் பார்த்து, "நீ ஒழுங்கா கோந்து போட்டு ஒட்டியிருந்தா நான் இங்கயே வளந்திருப்பேன்ல?" என்றான். அத்தை தலையைத் தூக்காமல் அவன் இலையில் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆமாண்டா, எந் தப்புதான்" என்றேன்.