சித்திக்குத் துணையாக ஒரு பிசிக்ஸ் வகுப்பு

வத்தேகமவுக்கு மேலே ஒரு மரக்கறித் தோட்டத்தில் நின்று, போஞ்சிக்கு ஏன் இவ்வளவு உரம் போட்டீர்கள் என்று ஒருவரிடம் கோபித்துக்கொண்டிருந்தபோது கைபேசிக்கு ஒரு படம் வந்தது. ஒரு கத்தரிச் செடி. குருத்து தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது. படத்தின் பாதியை எடுத்தவரின் கட்டைவிரல் மறைத்திருந்தது. கீழே ஒரே வரி: "இதுக்கு என்னா வருத்தம்?" அனுப்பியது என் சித்தி. உரத்தின் மேலிருந்த கோபம் போய் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே மாதிரி வாடிய குருத்தைப் பாடசாலைப் பாத்தியில் அவள் பக்கத்தில் நின்று எத்தனை முறை பார்த்திருப்பேன். நான் இப்போது விவசாயப் போதனாசிரியர். பயிருக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று ஊரெல்லாம் என்னிடம்தான் கேட்கிறது. ஆனால் சித்தி கேட்கும்போது மட்டும் அது உத்தரவு மாதிரி இருக்கும்.

சித்தி என்றதும் ஒரு பெரிய மனுஷியை நினைத்துவிடாதீர்கள். அவள் என்னைவிடச் சில மாதங்கள் இளையவள். என் அம்மா வீட்டுக்கு மூத்தவர், சித்தி கடைக்குட்டி. அம்மாவும் அம்மாவின் அம்மாவும் ஒரே வருடத்தில் பிள்ளை பெற்றார்கள். இருவரும் சேர்ந்து தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்கில் போய் நின்றபோது, யாருக்கு யார் துணைக்கு வந்தது என்று மருத்துவமாது கேட்டாராம். கலஹாவுக்கு மேலே, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே எங்கள் இருவரையும் வளர்த்தார்கள். ஒரே லயம், ஒரே பாடசாலை, ஒரே வாங்கு. முன்னால் பிறந்தவள் நான் என்றாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்ப மாட்டாள். "நேத்து பொறந்தாலும் சித்தின்னா சித்திதான்" என்பாள். வகுப்பில் அழிறப்பர் கேட்பதென்றாலும் சித்தி என்று சொல்லித்தான் கேட்கவேண்டும். மற்றப் பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் பாடசாலை முழுவதற்கும் அவள் சித்தியாகிவிட்டாள். ஒருநாள் அதிபரே வாய்தவறி, "சித்தி இன்னைக்கு வரலையா?" என்று கேட்டார்.

எதற்குள்ளும் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. கெட்டுப்போன ரேடியோ, மணிக்கூடு, சந்தையில் வாங்கிய மீனின் வயிறு, எல்லாவற்றையும் திறந்துவிடுவாள். டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு லயத்துச் சின்னப் பிள்ளைகளின் தொண்டைக்குள் அடித்துப் பார்ப்பாள். அதில் அவளுக்கு என்ன தெரிந்தது என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. டொக்டராகப் போகிறேன் என்று அவள் எப்போது சொல்ல ஆரம்பித்தாள் என்பதும் நினைவில்லை. தாத்தா தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர். சாதாரண தரப் பரீட்சையில் சித்திக்கு நல்ல பெறுபேறு வந்த வருடம், திருவிழா ஒலிபெருக்கியில் சாமி புறப்படும் நேரத்தைச் சொன்ன கையோடு, தன் கடைசி மகள் டொக்டருக்குப் படிக்கப் போகிறாள் என்றும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் லயத்துக்கு டொக்டரம்மா. கூடவே போகிற நான் சின்ன டொக்டர். எனக்கு அந்த ஆசை துளியும் இருந்ததில்லை, ரத்தம் கண்டாலே மயக்கம் வரும். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு வழியான உயர்தரத்தில் இருவரும் பயோ எடுத்தோம். எங்கள் ஊரில் பயோ என்றால் டொக்டர், மெட்ஸ் என்றால் எஞ்சினியர், இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பாடங்கள் மூன்று: உயிரியல், இரசாயனம், எக்ரி என்கிற விவசாய விஞ்ஞானம். மூன்றாவது ஏன் விவசாயம் என்றால், பிசிக்ஸ் சொல்லிக்கொடுக்க எங்கள் பாடசாலையில் ஆள் இல்லை. எக்ரி சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தார். மூன்றாவது பாடம் எதுவானாலும் பயோ பயோதானே என்று எல்லோரும் நினைத்தோம். ஒரு படிப்புக்குப் போவதற்கு அந்தப் படிப்பு என்ன கேட்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் லயத்திலிருந்து அதற்கு முன்னால் யார் போயிருக்கிறார்கள், தோன்றுவதற்கு? இருப்பதைப் படித்தோம். எக்ரியில் நல்ல புள்ளி எடுக்கலாம் என்று சந்தோஷம் வேறு.

பாடசாலைக்குப் பின்னால் எங்கள் இருவருக்கும் ஒரு பாத்தி. என் வரிசைக் கத்தரி கருகருவென்று நிற்கும். பக்கத்திலேயே, அதே மண்ணில், அதே தண்ணீரில் சித்தியின் வரிசை வாடி நிற்கும். குருத்துக்குள் புழு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக நல்ல குருத்தையும் கிள்ளிவிடுவாள். வேர் பிடித்துவிட்டதா என்று பார்க்கச் செடியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு மறுபடி நடுவாள். "வருத்தம் பாக்கிறேன்டி" என்பாள். அவள் கையில் சிக்கிய நோயாளி பிழைக்கமாட்டான் என்று வகுப்பே சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

முதல் வருடம் முடிகிற சமயத்தில் ஒருநாள் விதை வாங்குவதற்காகப் பேராதனைக்குப் பஸ் ஏறினோம். பக்கத்து சீட்டில் எங்களைவிடக் கொஞ்சம் பெரிய ஓர் அக்கா. கலஹாவில் வேலைசெய்த பெரியப்பா வீட்டுக்கு வந்துவிட்டுக் கெம்பஸுக்குத் திரும்புகிறவர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. மடியில் மடித்துவைத்த வெள்ளைக் கோட் இருந்தது. அதைக் கண்டதும் சித்தியால் சும்மா இருக்க முடியுமா? நானும் டொக்டருக்குத்தான் படிக்கிறேன் என்று தொடங்கிவிட்டாள். அந்த அக்கா முகம் மலர்ந்து, "அப்பிடியோ, என்ன பாடங்கள் எடுக்கிறியள்?" என்று கேட்டார்.

"பயோ, கெமிஸ்ட்ரி, எக்ரி."

"பிசிக்ஸ் எடுக்கேல்லையோ?"

"எங்க ஸ்கூல்ல பிசிக்ஸ் இல்லீங்க அக்கா. எக்ரிதான்."

அவர் மடியிலிருந்த கோட்டை இன்னொருமுறை மடித்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்திருப்பார். பிறகு சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, பிசிக்ஸ் இல்லாட்டி மெடிசினுக்குப் போடேலாது. மூண்டு ஏ எடுத்தாலும் ஏலாது. எக்ரியோட நீங்கள் விவசாய பீடத்துக்குப் போகலாம், வேற படிப்புகளும் இருக்கு. ஆனா மெடிசின் இல்லை" என்றார். சித்தி, "ஓ, அப்பிடிங்களா" என்றாள். அதற்குப் பிறகு பேராதனை வரும்வரை ஒரு வார்த்தை இல்லை. பிறந்ததிலிருந்து அவள் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை என்பதால் எனக்குப் பயமாகிவிட்டது. அந்த அக்கா இறங்கும்போது, "இன்னும் நேரம் இருக்கு, மாத்தலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். விதை வாங்கப் போன நாங்கள் விதை வாங்காமலே திரும்பினோம்.

வீட்டில் சொன்னபோது தாத்தா நம்பவில்லை. டொக்டர் வேலைக்கும் பிசிக்ஸுக்கும் என்ன சம்பந்தம், ஊசி போடுகிறவருக்குக் கப்பி எதற்கு, இரும்புக் குண்டு எதற்கு என்று சத்தம் போட்டார். சித்தி அழவில்லை. "மைக்குல சொன்னது நீங்க. எழுதப்போறது நான். நான் பிசிக்ஸ் எழுதறேன்" என்றாள். அதிபரும், சொல்லிக்கொடுக்க ஆளில்லை, எழுதுவதென்றால் எழுது என்று விட்டுவிட்டார். இரண்டு வருடப் பாடத்தை ஒரு வருடத்தில் படிக்கவேண்டும், அதற்குச் சனிக்கிழமைகளில் கண்டிக்கு டியூஷன் போகவேண்டும். பொம்பளைப் பிள்ளையைக் கண்டிக்குத் தனியாக அனுப்பும் வழக்கம் எங்கள் லயத்தில் இல்லை. தாத்தா என் பக்கம் கையை நீட்டினார். "இவ தொணைக்குப் போகட்டும்." அப்படித்தான், என்னைவிட இளைய என் சித்திக்கு நான் துணையானேன்.

டியூஷன் சேருக்கு இது விளங்கவேயில்லை. நீ பிசிக்ஸ் எழுதுகிறாயா என்று கேட்டார். இல்லை சேர் என்றேன். அப்போது எதற்கு வருகிறாய்? சித்திக்குத் துணைக்கு. எங்கே உன் சித்தி? இதோ, இவள்தான். வகுப்பு சிரித்து ஓயக் கொஞ்ச நேரமானது. கடைசி வாங்கில் இருக்கச் சொன்னார். அதற்குப் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் அங்கே உட்கார்ந்து, பக்கத்தில் ஊசலும் வில்லையும் மின்சாரமும் ஓட, நான் மண்ணின் வகைகளைப் படித்தேன். வகுப்பு முடிந்து குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு நடக்கும் வழியில், கறியைச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ் ஒன்று வாங்கி இரண்டாகப் பிய்ப்போம். பெரிய பாதி முறைப்படி அவளுக்கு. பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் மூச்சை ஊதி, ஒளி எப்படி முறிகிறது என்று எனக்கு வரைந்து காட்டுவாள். எனக்கு ஒன்றும் விளங்காது, ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வருவேன். அந்தச் சனிக்கிழமைகளைப்போல் சந்தோஷமான நாட்கள் என் வாழ்க்கையில் அதிகமில்லை.

முதல் தடவை அவளுக்கு பிசிக்ஸ் மட்டமாகத்தான் வந்தது. எனக்குப் பேராதனையில் விவசாய பீடம் கிடைத்தது. லயத்தில் சின்ன டொக்டர் கெம்பஸ் போகிறாள் என்று சொன்னார்கள், பெரிய டொக்டரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவள் இரண்டாம் தடவைக்குப் படித்தாள். சனிக்கிழமைகளில் நான் ஹொஸ்டலிலிருந்து வந்து பேராதனையில் அவள் பஸ்ஸில் ஏறிக்கொள்வேன், துணை துணைதானே. அந்தத் தடவை பிசிக்ஸுக்கு ஏ வந்தது. ஆனால் பிசிக்ஸே கதி என்று கிடந்ததில் பயோ இறங்கிவிட்டது. டொக்டர் பாடம் என்று ஊரே சொன்ன அந்த பயோதான் அவள் காலை வாரியது. மருத்துவ பீடத்துக்கு எடுக்கவேண்டிய வெட்டுப்புள்ளியும் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். நாங்கள் கண்டி மாவட்டம், இங்கே அது உயரம். எங்கள் மலைக்கு அந்தப் பக்கம், நுவரெலியா மாவட்டத்தில் இருந்திருந்தால் அதே புள்ளிக்கு இடம் கிடைத்திருக்கும். அந்த மலையை நான் வெகுநாள் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிடைத்தது ரேடியோகிராபி, எக்ஸ்ரே எடுக்கிற பட்டப்படிப்பு. மூன்றாம் தடவையும் எழுதலாம், சட்டம் விட்டிருந்தது. தாத்தா எழுதத்தான் வேண்டும் என்றார். குட்ஷெட்டில் கலஹா பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது நான் என்ன முடிவு என்று கேட்டேன். கையிலிருந்த ரோல்ஸைப் பிய்த்து, அன்று அதிசயமாகப் பெரிய பாதியை என்னிடம் நீட்டினாள். "டொக்டராகணும்னுதான்டி பிசிக்ஸ் படிச்சேன். இப்ப பிசிக்ஸ விட மனசு வரல" என்றாள். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். ஆசைப்பட்டது கிடைக்கவில்லை என்ற துக்கம் அவளுக்கு இல்லாமல் இல்லை, அதை மறைக்கிற ஆளும் அவள் இல்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் பஸ் ஏறினாள்.

தாத்தாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அவள் படித்து முடித்து ஆஸ்பத்திரி வேலைக்குப் போன பிறகும், கேட்கிறவர்களிடமெல்லாம் மகள் டொக்டர் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வீட்டுக்கு வரும்போது யாராவது டொக்டரம்மா என்று மருந்துத் துண்டை நீட்டினால், அவரை வைத்துக்கொண்டே, "நான் டொக்டர் இல்லீங்க, எக்ஸ்ரே எடுக்கிறவ" என்று திருத்திவிடுவாள். தாத்தா முகத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் பக்கம் போய்விடுவார். இப்படியே வருடங்கள் போயின.

பிறகு அவருக்கு விடாத இருமல். நான்தான் அவரை அவள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சட்டையைக் கழற்றச் சொல்லி, எக்ஸ்ரே பலகையில் நெஞ்சைச் சாய்த்து, தோளைப் பிடித்து நேராக நிறுத்தினாள். தேயிலை மலையில் பாரம் சுமந்து ஒரு பக்கம் சரிந்த தோள். "அப்பா, மூச்ச நல்லா இழுங்க. புடிங்க. அப்பிடியே நில்லுங்க." படம் எடுக்கும் நேரம் கதவுக்கு வெளியே போய் நின்ற எனக்கு அந்தக் குரல் மட்டும் கேட்டது, அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதேயில்லை. படம் வந்ததும் தாத்தாவையும் என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். இது எலும்பு, இது நெஞ்சு, இந்த நிழல்தான் உங்கள் இதயம் என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். அவர் வெகுநேரம் பார்த்தார். "வெட்டாமலா பாத்த?" என்று கேட்டார். "வெட்டாமத்தான்பா. அதுக்குத்தான் பிசிக்ஸ்" என்றாள்.

வெளியே வாங்குகளில் ஆட்கள் காத்திருந்தார்கள். தாத்தா சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வந்து, யாரும் கேட்காமலே, திருவிழா மைக்கில் பேசுகிற அதே குரலில் சொன்னார்: "உள்ளுக்கு இருக்கிறது என் மக. டொக்டர் இல்லீங்க. பிசிக்ஸ் படிச்ச புள்ள." சித்தி கதவைப் பிடித்தபடி நின்றாள். பிறகு அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

தாத்தா இப்போது இல்லை. தோட்டங்களுக்கு நான் போகும்போது சில தாய்மார், என் மகளும் பயோதான் படிக்கிறாள், டொக்டருக்கு என்று சொல்வார்கள். பயிரைப் பார்ப்பதற்கு முன்னால், மூன்றாவது பாடம் என்ன என்று கேட்டுவிடுவேன். எக்ரி என்று வந்தால், போஞ்சியும் உரமும் அப்படியே நிற்க, அந்தப் பஸ் அக்கா மாதிரி உட்கார்ந்து சொல்லத் தொடங்கிவிடுவேன்.

கத்தரிப் படத்துக்குப் பதில் எழுதினேன். வாடின குருத்தைக் கத்தியால் பிளந்து பார், உள்ளே புழு இருக்கும், அதை அப்படியே வெட்டி எரித்துவிடு. உடனே பதில் வந்தது. "நான் வெட்டாம உள்ள பாக்கிறவ. வெட்றது ஒன் வேல. நீ வந்து பாரு." அதன் பின்னாலேயே இன்னொன்று: "வரும்போது ரோல்ஸ் வாங்கிட்டு வா. ஒண்ணு போதும்."

சனிக்கிழமை வருகிறேன் சித்தி என்று அனுப்பினேன்.