முந்திப் போடுகிற ஊசி

மயக்க மருந்து டொக்டரின் தட்டில் எப்போதும் இரண்டு ஊசிகள் இருக்கும். நீளமானது முதுகில் போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்வது. சின்னது, அதனால் வருகிற நடுக்கத்தை வராமலே தடுப்பது. அது இல்லாவிட்டால் பல்லோடு பல் அடிக்கும். வெயில் எரிகிற தீவில் மனிதர் பனிக்குள் கிடந்தவர் மாதிரி உதறுவார். நான் அந்தச் சத்திரசிகிச்சைக் கூடத்தில் சிற்றூழியன். கட்டில் தள்ளுவது என் வேலை, பகிடி விடுவது என் வியாதி. "உம்மடை பகிடியும் என்ரை ஊசியும் ஒண்டுதான் ஐசே. முந்திப் போட்டாத்தான் வேலை செய்யும்" என்பார் டொக்டர்.

மருந்துத் தட்டுப்பாடு வந்த வருடம் தட்டில் ஒரே ஊசி. மிச்சமிருந்த நடுக்க மருந்தை அவர் அலுமாரியில் பூட்டினார். இனி யாருக்கும் முந்திப் போடுவதில்லை, தாங்க ஏலாமல் நடுங்குகிறவருக்கு மட்டும் என்றார். அந்த நேரம் பார்த்து எனக்குக் குடலிறக்கம். வெட்டுக்கு நான் பயப்படவில்லை. மண்டைதீவு தொடக்கம் மண்கும்பான் வரைக்கும் நான் பகிடி பண்ணாத நோயாளி இல்லை. அப்படிப்பட்ட நான் நடுங்கினால்? "எனக்கு மட்டும் முந்திப் போடுங்கோ டொக்டர், சனம் சிரிக்கும்" என்று கெஞ்சினேன். சிரித்துக்கொண்டே போட்டார். அதுதான் கடைசி மருந்து. எனக்கும் தெரியும். மகாராசா மாதிரி அசையாமல் கிடந்தேன்.

நான் வேலைக்குத் திரும்பியபோதும் புது மருந்து வந்திருக்கவில்லை. நெடுந்தீவிலிருந்து ஒரு பெண்ணைப் படகில் கொண்டுவந்தார்கள். மாதம் நிரம்பாத பிள்ளை. வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். பிள்ளை அழவில்லை. தாய் நடுங்கத் தொடங்கினாள். இரண்டு கம்பளி போர்த்தோம், சேலைன் போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்துச் சூடாக்கி ஏற்றினோம், நிற்கவில்லை. டொக்டர் அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். என்னைப் பார்க்கவில்லை.

தாதி பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். அது தங்காது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, தாயையும் பகிடிக்காரனையும் தவிர. தாய் நீட்டிய கைகள் உதறி உதறி ஆடின. "விழுத்திப்போடுவன் அண்ணை. நடுக்கம் நிக்கட்டும்" என்றாள். என் கைகளை அவள் கைகளுக்குக் கீழே கொடுத்திருக்கலாம். வாயைத்தான் கொடுத்தேன். "ஓம் தங்கச்சி, ஆறுதலா வாங்கும். சின்னவர் எங்கை ஓடப்போறார்?" நடுக்கத்துக்குள்ளும் அவள் சிரித்தாள். தாதி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிள்ளையைச் சூட்டு விளக்கின் கீழே கொண்டுபோய் வைத்தார்.

நடுக்கம் நின்றபோது அவள் கைகள் ஆடாமல் நேராக நீண்டன. தாதி சூட்டு விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளையைக் கொடுத்தார். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தாள். "பிள்ளைக்குக் குளிருது அண்ணை. என்ரை கம்பளியை எடுத்துப் போர்த்துவிடுங்கோ."

போர்த்துவிட்டேன்.

டொக்டர் அடுத்த வருடம் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். இப்போது வேறு டொக்டர். தாய்மார் கை ஆடாமல் பிள்ளையை வாங்குகிறார்கள். நானும் பகிடி விடுகிறேன், சிரிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கட்டிலை உள்ளே தள்ளியதும் தட்டை எட்டிப் பார்ப்பேன். இரண்டு ஊசிகளும் இருக்கின்றன. சின்னதில், எனக்குப் போட்ட அதே அளவு.