பல்செட்டு மாமாவின் சிப்பிகள்

ஊருக்கே அவர் பல்செட்டு மாமா. பல் டாக்டர்கள் கொடுத்தனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, வீட்டு முன்னறையில் பல்செட்டு செய்து தருவது தொழில். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் கடற்கரைக்குப் போய் சிப்பி பொறுக்கி, அதைக் கிட்டத்தில் வைத்துப் படமெடுக்கும் கிறுக்கு பிடித்துவிடும். அதற்கென்றே தனி லென்ஸ் வாங்கியிருந்தார். மகள் கல்யாணத்துக்குக்கூட மனுஷர் இவ்வளவு கடை ஏறி இறங்கியதில்லை.

அவருக்கு ஒரே ஆசைதான். புகைப்படச் சங்கம் ஆண்டுதோறும் வைக்கும் கண்காட்சியில் தன் சிப்பி ஒன்று சுவரில் தொங்க வேண்டும். வீட்டில் யாரிடம் காட்டினாலும் பாராட்டு மழை. மனைவி அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நல்லாத்தான் இருக்கு" என்பாள். மருமகன் "சூப்பர் மாமா" என்று சொல்லிவிட்டு, பிறகுதான் மூக்குக்கண்ணாடியைத் தேடுவார். இதையெல்லாம் நம்பி மாமா தலைகால் புரியாமல் இருந்தார்.

படங்களைத் தேர்ந்தெடுப்பவர் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஓர் அம்மாள். மரம் தேய்க்கும் தாள் மாதிரி சொரசொரப்பான பேச்சு என்பதால் சங்கத்தில் அவருக்கு உப்புத்தாள் என்று பெயர். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட யாருக்கும் தைரியம் இல்லை. மாமா நீட்டிய படங்களை அவர் மேசையில் பரப்பினார்.

"சார், இது சிப்பியா, கடைவாய்ப்பல்லா?"

அம்மாள் ஒரு படத்தின் ஓரத்தில் விரலை வைத்தார்.

"தேச்சுக் கழுவி, மெருகு போட்டு, இந்த ஓரத்துல எதையோ வச்சு அடைச்சிருக்கீங்க. என்ன அது?"

"பல்லு செய்யிற பொடியக் குழைச்சு வச்சதும்மா. கொஞ்சம் உடைஞ்சிருந்துச்சு. பார்க்க லட்சணமா இருக்கட்டுமேன்னு..."

"உடைஞ்சா என்ன சார், நாளைக்கு அது எதையாவது கடிக்கவா போகுது? கடல் போட்ட கீறல் எல்லாத்தையும் நீங்க தேச்சு எடுத்துட்டீங்க. உங்க கைவேலை நல்லாத் தெரியுது. சிப்பிதான் தெரியல. வேற எடுத்துட்டு வாங்க, இன்னும் ஒரு வாரம் இருக்கு."

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் பொருமித் தள்ளினார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் பல்லு மாதிரிதாங்க தெரிஞ்சுது. ரொம்ப நாளா."

"அப்ப ஏன் சொல்லல?"

"காட்டும்போது நீங்க படத்தையா பாத்தீங்க? என் மூஞ்சியத்தான பாத்துக்கிட்டு நின்னீங்க. சரியில்லன்னு சொன்னா அன்னைக்குச் சாப்பிடமாட்டீங்க. எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

மாமாவுக்குக் கோபம் வந்தது, அதைவிட வெட்கம் அதிகமாக வந்தது.

மறுநாள் காலை ஓரம் சிதைந்து, வரிகளில் மணல் ஒட்டிய சிப்பி ஒன்றைக் கொண்டுவந்து ஜன்னலடியில் வைத்தார். பாழாய்ப்போன கை தானாகவே தேய்க்கிற பிரஷ்ஷைத் தேடிப் போயிற்று. மனைவி அதைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். வெளிச்சம் திருப்ப ஒரு வெள்ளை அட்டையையும் அவளே பிடித்தாள், அடுப்பில் என்னவோ கருகும் வாசம் வரும்வரை.

உப்புத்தாள் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். ஆணியும் சுத்தியலும் கேட்டு வாங்கினார். வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் படம் ஏறியது. மாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கண்காட்சியன்று மனைவியை அதன் முன்னால் நிறுத்தினார். இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்க்காமல், படத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"எப்படி இருக்கு?"

அவள் கிட்டப் போய்ப் பார்த்தாள், தள்ளி நின்றும் பார்த்தாள்.

"இடது ஓரம் கொஞ்சம் மங்கல்."

மாமா குனிந்து பார்த்தார். மங்கல்தான். அவருக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

"அடுத்த ஞாயிறு நீயும் வர்றியா?"

"வர்றேன். பிரஷ்ஷ மட்டும் வீட்லயே வச்சுட்டு வாங்க."