நூறு என்று எழுதிய மூட்டை

உக்குவளைப் பக்கம் மேடுபள்ளமான ஒரு வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தேன். கார் திரும்பவில்லை. முன்சக்கரங்கள் துள்ளித் துள்ளி ரோட்டோரத் தண்ணீர்க் கானை நோக்கிப் போயின. ஒரு முழம் மிச்சம் இருக்கும்போது நின்றது. பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே பயமாக இருந்தது.

பக்கத்தில் இருந்த சின்னத்துரைக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்னய்யா பண்ணி வச்சிருக்க? நாளைக்கு என் நோனாவையும் ரெண்டு புள்ளைங்களையும் ஏத்திக்கிட்டு வஹகோட்டைச் சர்ச் திருநாளுக்குப் போகணும்!"

"ஒரு மணி நேரம் குடுங்க துரை, பார்த்துடுறேன்" என்றேன். எதைப் பார்ப்பது என்று எனக்கே தெரியவில்லை.

அறுபதுகளின் கடைசி. நான் மாத்தளையில் ஒரு கராஜில் மெக்கானிக். இவர் பக்கத்து மிளகுத் தோட்டத்துச் சின்னத்துரை, வேகப் பைத்தியம். காரில் இரண்டு கார்புரேட்டர் பூட்டியாயிற்று. இனி வளைவில் வண்டி சாயக்கூடாதாம். புது ஸ்பிரிங் இறக்குமதி கிடையாது. எங்களிடம் கிடந்த பழைய ஸ்பிரிங்குகளில்தான் பொறுக்க வேண்டும். ஸ்பிரிங் ஓர் அங்குலம் இறங்க நூற்றைம்பது இறாத்தல் எடை வேண்டும் என்பது என் கணக்கு. அதற்கு மேல் கடினமானால் பழைய ஷாக் அப்சோர்பர் அடக்காது. சக்கரம் ரோட்டில் நிற்காது.

அளக்கப் படிக்கல் இல்லை. துரையே தோட்டத்து ஸ்டோரிலிருந்து மூன்று மூட்டை பச்சை மிளகு அனுப்பினார். ஒவ்வொன்றிலும் சாக்கட்டியால் '100' என்று எழுதியிருந்தது. மூன்றையும் ஒவ்வொரு ஸ்பிரிங் மேலும் ஏற்றிப் பார்த்தேன். ஒரு ஸ்பிரிங் சரியாக இரண்டு அங்குலம் இறங்கியது. முந்நூறை இரண்டால் வகுத்தால் நூற்றைம்பது. அதையும் அதன் ஜோடியையும் பூட்டினேன்.

இப்போது அந்த வளைவிலிருந்து கராஜுக்குத் திரும்பி நட்டு, புஷ், ஷாக் அப்சோர்பர் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தேன். குறையே இல்லை. மிச்சம் இருந்தது மூட்டைதான். பக்கத்துக் கடைத் தராசில் ஒன்றை ஏற்றினேன். நூற்றிருபது!

எனக்கு இது தெரியாத விஷயமா? என் அம்மா அதே தோட்டத்தில் மிளகு பறிக்கிறவர். ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று பறித்தவர் கூலியில் இருபது இறாத்தல் கழித்துவிட்டுத்தான் கணக்கப்பிள்ளை மூட்டையில் எழுதுவார். பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்து அம்மாவின் புலம்பலைக் கேட்டு வளர்ந்தவன், கராஜுக்குள் வந்ததும் அந்தச் சாக்கட்டி எழுத்தை அப்படியே நம்பிவிட்டேன். நான் பூட்டியது நூற்றெண்பது இறாத்தல் ஸ்பிரிங்.

என் கணக்கில் பிழை என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றிருந்தேன். அம்மா இருப்பது அந்தத் தோட்டத்து லயத்து வீட்டில் அல்லவா! ஆனால் துரை விடவில்லை.

"அடுத்த ஸ்பிரிங் மட்டும் சரியா இருக்கும்னு எப்படி நம்புறது?"

நாளைக்குப் பிள்ளைகள் உட்காரப்போகும் பின்சீட்டைப் பார்த்தேன். சொல்லிவிட்டேன்.

"மூட்டையில நூறுன்னு எழுதியிருக்குங்க, துரை. உள்ள நூத்திருபது இருக்குங்க."

அவரே அடுத்த மூட்டையைத் தராசில் வைக்கச் சொன்னார். முள்ளைப் பார்த்தார். "ஸ்பிரிங்கை மாத்து" என்றார். அவ்வளவுதான்.

தராசில் நிறுத்த எடையை வைத்து வேறு ஜோடி தேடிப் பூட்டி, அதே வளைவில் ஓட்டிக் காட்டினேன். சக்கரம் ரோட்டை விடவில்லை. இருந்தும் மறுநாள் அவர்கள் வஹகோட்டையிலிருந்து திரும்பி கராஜ் வாசலைக் கடக்கும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

கராஜ் வேலை பழகும் தம்பிமார்களே, உங்கள் கையால் நிறுக்காத எடையை வைத்து ஸ்பிரிங் பொறுக்காதீர்கள்.

அந்தச் சனிக்கிழமை லயத்துக்குப் போனேன். "இப்ப மூட்டைக்கு எவ்வளவும்மா கழிக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"எப்பவும் போல இருபதுதான்" என்றார் அம்மா.